தொப்பியைக் கழற்றிய காரணம்

தூத்துக்குடியில் நெய்தல் குடியிருப்பு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஒரு தட்டச்சு இயந்திரம் இருந்தது. அந்த இயந்திரத்துக்குள்ளே முன்னொரு சமயம் ஓர் ஊர் இருந்தது. மனிதர்கள் வாழும் ஊர் இல்லை. இங்கிலீஷ் வாக்கியங்களின் துண்டுகள் குடியிருந்த ஊர்.

அங்கே இரண்டு வகை ஆட்கள் உண்டு. முதல் வகையினர் தனியாட்கள். இவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, முற்றுப்புள்ளியின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாருடைய தயவும் வேண்டாம்.

இரண்டாம் வகையினர் தொப்பிக்காரர்கள். இவர்களுக்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை. தலையில் மட்டும் ஒரு தொப்பி இருக்கும். ஒருவர் தொப்பியில் 'பிகாஸ்' என்று எழுதியிருக்கும், இன்னொருவர் தொப்பியில் 'இஃப்', வேறொருவர் தொப்பியில் 'ஆல்தோ'. இந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டவர் தனியாக நிற்க முடியாது. ஒரு தனியாளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அது அந்த ஊரின் சட்டம்.

தமிழிலும் இதே சங்கதி உண்டு. ஆனால் நாம் அதை வாலில் வைத்துவிட்டோம். 'மழை பெய்ததால்' என்று சொல்லும்போது, கடைசியில் அந்த 'ஆல்' வந்து ஒட்டுகிற வரைக்கும் ஆள் தனியாளா இல்லையா என்று தெரியாது. இங்கிலீஷ்காரன் அவசரக்காரன். அதைத் தலையிலேயே வைத்துவிட்டான். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும், இந்த ஆசாமி துணைக்கு இன்னொருவரை எதிர்பார்த்துத்தான் வருகிறார் என்று.

அந்த இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் தஸ்தகீர் பாய். மனு அடித்துக் கொடுப்பது அவர் தொழில். இங்கிலீஷில் மரியாதை கம்மி, நாம்தான் பார்த்து ஊட்டிவிட வேண்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் அவர் அடிக்கும் எந்த மனுவிலும் முதல் தாள் முழுக்க வணக்கமாகவே இருக்கும். அதிகாரியின் பெருந்தன்மைக்கு ஒரு பத்தி, அவர் குடும்பத்தின் நலத்துக்கு ஒரு பத்தி, அவர் நீடூழி வாழ ஒரு பத்தி. விஷயம் ஆரம்பிக்கும்போது தாள் முடிந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஜெசிந்தா என்கிற பெண் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பாய், ஒரு மனு அடிக்கணும். இங்கிலீஷ்ல."

"தமிழ்ல போதுமே தங்கச்சி."

"புது ஆபீசருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம் பாய். எங்க குடியிருப்புல கீழ்த்தளத்துல ஒரு வீடு காலியா கெடக்கு. யாருக்குன்னு புதன்கிழமை பதினோரு மணிக்கு முடிவு பண்ணுதாரு. எங்க வீட்டுக்காரருக்காகக் கேக்கணும்."

அவள் கணவன் சூசை துறைமுகத்தில் சுமை இறக்குகிறவன். இருபது மாதத்துக்கு முன்னால் ஒரு பஞ்சு மூட்டை சரிந்து அவன் இரண்டு முழங்காலையும் நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாம் மாடி வீட்டில் விட்டார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் இறங்கவே இல்லை.

"தெருவை மேலேருந்தேதான் பாக்காரு பாய்" என்றாள் ஜெசிந்தா. "போற வாரவங்க உச்சந்தலைதான் தெரியுது. போன வாரம் சொல்லுதாரு, 'ஏட்டி, எனக்கு இப்பம் ஆளுங்களை வழுக்கையை வச்சுத்தான் அடையாளம் தெரியுது'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல."

பாய் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். கார்பன் தாளை வைத்துச் சுருட்டினார். வழக்கம்போல முதல் தாள் முழுக்க வணக்கம் போட்டார். தாளின் அடிவரிக்கு வந்ததும், ஊருக்குள் கையை விட்டு ஒரு தொப்பிக்காரரைப் பிடித்து இழுத்தார். 'பிகாஸ் என் கணவரால் படி இறங்க முடியவில்லை' என்று அவர் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு கமா நின்றது. தாள் முடிந்தது.

இரண்டாவது தாளின் முதல் வரியில் ஒரு தனியாளை இறக்கினார். 'கீழ்த்தளத்தில் காலியாக உள்ள வீட்டை எங்களுக்கு ஒதுக்கும்படி வேண்டுகிறேன்' என்று அவர் வந்து நின்றார். முற்றுப்புள்ளி. கீழே ஜெசிந்தாவின் கையெழுத்து. இரண்டு தாளையும் சேர்த்து ஒரு குண்டூசி.

தொப்பிக்காரரைக் காரணம் என்று கூப்பிடுவோம். தனியாளுக்கு வேண்டுகோள் என்று பெயர்.

ஜெசிந்தா ரோட்டைக் கடந்து போய் தபால் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். நீளமான வரிசை. வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு. மனுவுக்குள்ளேயும் அப்படித்தான்.

"உள்ள போனதும் பாரும்" என்றார் வேண்டுகோள். "கைலாசம்னு ஒரு கிளார்க் இருக்காரு. சிவப்புப் பென்சிலை எடுப்பாரு. எம் மேலதான் கோடு போடுவாரு."

"எம் மேல?" என்றார் காரணம்.

"உம்ம மேல எதுக்குவே? கேக்கறது நானுல்லா. ஆபீசர் பாக்கறதும் என்னையத்தான். நீரு சும்மா கூட வாறீரு, கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வந்த மாதிரி."

காரணத்துக்குச் சுருக்கென்றது. அவருக்குள் மூன்றாம் மாடியும் நசுங்கிய முழங்காலும் இருந்தன. கனம் முழுக்க அவர் தலையில். கோடு மட்டும் இன்னொருவர் மேல்.

"நான் இல்லாம நீரு நிப்பீரா?" என்றார்.

"தாராளமா நிப்பேன். நான் தனியாளு. நீருதான் நிக்க மாட்டீரு. வேணும்னா சோதிச்சுப் பாரும்."

காரணத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தவர்களிடம் சட்டம் பேசிப் பயன் இல்லை. பக்கத்தில் நின்ற கமாவை, "நீ போய்ட்டு வாடே" என்று அனுப்பினார். மேலே வணக்கப் பத்திகளில் சும்மா நின்ற ஒரு முற்றுப்புள்ளியைக் கைதட்டிக் கூப்பிட்டார். பாயின் மனுவில் முற்றுப்புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

"இங்ஙன வந்து நில்லும். நான் தனியா நிக்கப் போறேன்."

முற்றுப்புள்ளி வந்தது, அவரை மேலும் கீழும் பார்த்தது. "சொல்லும்" என்றது.

"பிகாஸ் என் கணவரால் படி இறங்க முடியவில்லை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பிகாஸ்னு ஆரம்பிச்சீரு. பொறவு என்னதான் ஆச்சு? கதவைத் தெறந்து வச்சுட்டு வீட்டுக்குள்ள வராம நிக்கீரே. நான் எப்படிப் பூட்டுப் போட?"

வரிசையில் மற்ற மனுக்கள் எல்லாம் களுக்கென்று சிரித்தன. இரண்டாம் தாளில் வேண்டுகோள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மானம் போன பிறகு தொப்பி எதற்கு என்று காரணம் நினைத்தார். தலையிலிருந்து பிகாஸைப் பிடுங்கி எறிந்தார். அது உருண்டு போய்க் குண்டூசியில் மாட்டிக்கொண்டது.

"இப்பம் சொல்லுதேன், கேளும். என் கணவரால் படி இறங்க முடியவில்லை."

முற்றுப்புள்ளி உடனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "இது முழுசு" என்றது. "குறையே சொல்ல முடியாது. இனி நீரும் தனியாளுதான்."

காரணத்துக்குத் தலை லேசாக இருந்தது. இத்தனை நாள் இந்தச் சனியனையா சுமந்தோம் என்று இருந்தது. இப்போது யார் தோளையும் பிடிக்க வேண்டாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"சந்தோஷமாப் போச்சு" என்றார் வேண்டுகோள். "இனி அவரவர் பாடு அவரவருக்கு."

விட்டது சனி என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். ஜெசிந்தாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் மனுவை ஜன்னலுக்குள் நீட்டினாள், பேர் சொன்னாள், திரும்பி வீட்டுக்குப் போனாள்.

கைலாசம் கெட்டவர் இல்லை. இருபத்தைந்து வருஷமாகத் தபால் பிரிவில் இருப்பவர். கடற்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கிவிடும் என்பதால், மனு வந்ததும் முதல் வேலையாக ஊசியைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். பிறகு எந்தத் தாள் எந்தத் தாளோடு சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. தாளின் கடைசி வரியைப் பார்ப்பார். அது முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த தாளையும் சேர்த்துக்கொள்வார். முற்றுப்புள்ளி வைத்து முடிந்திருந்தால் மனு அதோடு முடிந்தது. இந்த வழி அவரை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

ஜெசிந்தாவின் மனுவிலிருந்து ஊசியைப் பிடுங்கினார். ஊசியோடு பிகாஸும் கிண்ணத்துக்குப் போனது. முதல் தாளின் கடைசி வரியைப் பார்த்தார். முடிந்திருந்தது. அது ஒரு மனு. இரண்டாம் தாள் இன்னொரு மனு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவெண் போட்டார்.

அவர் மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் 'நடவடிக்கைக்கு' என்றும் மற்றதில் 'தகவலுக்கு' என்றும் எழுதி ஒட்டியிருந்தது. எதையாவது கேட்கிற தாள் முதல் தட்டுக்குப் போகும். எதையும் கேட்காமல் ஒரு சங்கதியை மட்டும் சொல்கிற தாள் இரண்டாவது தட்டுக்குப் போகும். வேண்டுகோள் மேல் சிவப்புக் கோடு விழுந்தது, அவர் முதல் தட்டுக்குப் போனார். காரணத்தின் தாளில் கேள்வியும் இல்லை, கோரிக்கையும் இல்லை. வணக்கமும் ஒரு செய்தியும்தான் இருந்தன. அவர் இரண்டாவது தட்டுக்குப் போனார்.

தகவல் தட்டில் கூட்டம் அதிகம். எல்லாரும் தனியாட்கள். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. காரணத்தை வாய் நிறைய வரவேற்றார்கள்.

"வாரும், வாரும். உம்ம சங்கதி என்ன?"

"என் கணவரால் படி இறங்க முடியவில்லை."

"அடப் பாவமே" என்றார்கள் எல்லாரும். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வேலை என்று ஒன்றும் இல்லை, சும்மா படுத்திருப்பதுதான்.

காரணத்துக்குப் பக்கத்தில் பழுப்பேறிய தாளில் ஒருவர் இருந்தார். 'எங்கள் தெருவிளக்கு எரியவில்லை' என்பது அவர் சங்கதி.

"நீங்க எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் காரணம்.

"பதினோரு வருசம்."

"முன்னால தொப்பி போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன். கழத்திட்டேன். அன்னையிலேருந்து சுதந்திரம்தான். ஒரு பய ஏன்னு கேக்க முடியாது."

"நல்லது. தெருவிளக்கு எரிஞ்சுதா?"

தெருவிளக்கு அண்ணாச்சி தன் தாளின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். "எரியலப்பா. ஆனா எரியலங்கது ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். என் தாள்ல மூணு கையெழுத்து இருக்கு, பாரு. 'பார்வையிடப்பட்டது', 'பார்வையிடப்பட்டது', 'பார்வையிடப்பட்டது'."

காரணம் மற்ற தாள்களைப் பார்த்தார். 'குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது.' பார்வையிடப்பட்டது. 'மாடிப்படியின் கைப்பிடி உடைந்திருக்கிறது.' பார்வையிடப்பட்டது. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் முழுசு. ஒன்றிலும் ஒரு குறை சொல்ல முடியாது. யாரும் பொய் என்று சொல்லவில்லை, யாரும் எதுவும் செய்யவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. மாலையில் கைலாசம் வந்து அவர் தாளிலும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். மூன்றாம் மாடி ஜன்னலோரத்தில் சூசை உட்கார்ந்திருப்பான். இன்னும் இருபது மாதம் உட்கார்ந்திருப்பான். இருபது வருஷமும் உட்கார்ந்திருப்பான். அவன் இறங்க முடியாதது இந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நாம் செய்தது தப்பு என்று காரணத்துக்குப் பட்டது. யார் பெரியவர் என்கிற சண்டையில், படி இறங்க வேண்டியவனை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

புதன்கிழமை பத்தே முக்காலுக்குக் கைலாசம் 'நடவடிக்கைக்கு' தட்டிலிருந்து ஒரு மனுக்கட்டை எடுத்துத் தனியாக வைத்தார். கீழ்த்தள வீடு கேட்டு முப்பத்தெட்டு மனு. அதில் ஒன்று ஜெசிந்தாவின் இரண்டாம் தாள்.

காரணம் தாளைவிட்டு இறங்கினார். அடுக்கி வைத்த தட்டிலிருந்து மேஜைக்கு இறங்குவது ஒரு துண்டு வாக்கியத்துக்குச் சாமானியக் காரியம் இல்லை. விழுந்து எழுந்து குண்டூசிக் கிண்ணத்துக்கு ஓடினார்.

பிகாஸ் ஊசிகளுக்கு நடுவே கிடந்தது. அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எறிஞ்சிட்டுப் போனவருல்லா நீரு" என்றது.

"ஆமா. புத்தியில்லாம செஞ்சிட்டேன். தலையில ஏறும்."

"ஏறுனா நீரு தனியா நிக்க முடியாது. அது தெரியும்லா?"

"தெரியும்."

"அந்த வேண்டுகோள் மறுபடியும் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும்வே. பதினோரு மணி ஆவப் போவுது, சீக்கிரம் ஏறும்."

தொப்பி ஏறிக்கொண்டது. தலை கனத்தது. கூடவே அவருக்கு ஒரு திசையும் தெரிந்தது. போன இரண்டு நாளும் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் நின்றவர் இப்போது நேராக அந்தக் கட்டைப் பார்த்து ஓடினார். போகிற வழியில் தெருவிளக்கு அண்ணாச்சி தட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு தொப்பி கெடைக்குமாப்பா?"

"கிண்ணத்துல நெறையக் கெடக்கு அண்ணாச்சி. உங்க வேண்டுகோள் எங்க இருக்காரு?"

"அவரைத் தள்ளுபடி பண்ணிப் பதினோரு வருசமாச்சே" என்றார் அண்ணாச்சி.

கைலாசம் கட்டையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனார். காரணம் பதிவேட்டின் நாடாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கூடப் போனார். கமா எங்கிருந்தோ வந்து அவர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அறைக்கு வெளியே பெஞ்சில் ஜெசிந்தாவும் மற்றவர்களும் காத்திருந்தார்கள்.

புது அதிகாரி கண்ணாடி போட்ட மனிதர். கட்டு முழுக்க ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. கீழ்த்தள வீட்டை எனக்கு ஒதுக்க வேண்டுகிறேன், எனக்கு ஒதுக்க வேண்டுகிறேன், எனக்கு ஒதுக்க வேண்டுகிறேன். ஏன் என்று சொன்ன நாலைந்து தாள்களை அவர் ஒரு பக்கம் எடுத்து வைத்தார். ஏன் என்று சொல்லாதவற்றை மறுபக்கம் தள்ளிவிட்டுத் தலையாட்டினார். கைலாசம் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் 'தள்ளுபடி' என்று எழுதிக்கொண்டே வந்தார்.

வேண்டுகோள் கட்டுக்குள் நிமிர்ந்துதான் நின்றார். அவர் மேல் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற அத்தனை பேர் மேலும் அதே கோடு, அத்தனை பேரும் அவரைப் போலவே நிமிர்ந்து நின்றார்கள். ஒவ்வொருவராகத் தள்ளிவிடப்பட்டார்கள். தனக்கு முன்னால் இரண்டே தாள் இருக்கும்போது அவர் தன் மேல் இருந்த கோட்டை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினார். காரணம் மூச்சிரைக்க நின்றார், தலையில் தொப்பியோடு.

"தோளைக் குடும்" என்றார் காரணம்.

வேண்டுகோள் சிரிக்கவில்லை. "முன்னால எடம் இல்லையேவே. தாளோட ஓரம் முட்டுது."

"பின்னால நின்னுக்கிடுதேன். எனக்கு எங்க நின்னாலும் ஒண்ணுதான்."

கமா இருவருக்கும் நடுவே நுழையப் பார்த்தது, பிறகு தானே விலகிக்கொண்டது. "தொப்பிக்காரரு முன்னால நின்னாத்தான் எனக்கு வேலை. பின்னால வந்தா நடுவுல நான் எதுக்கு? நீங்களே ஒட்டி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

ஆனால் வேண்டுகோளுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தது. இது வேறு ஆள், ஆனால் எல்லா முற்றுப்புள்ளிகளுக்கும் குணம் ஒன்றுதான்.

"நகர முடியாது" என்றது அது. "இவரு சொல்லி முடிச்சிட்டாரு. முடிஞ்சதைத் தெறக்கறது எங்க வழக்கத்துல கெடையாது."

"முடிஞ்சுதா?" என்றார் காரணம். "மேல ஒரு மனுசன் இருபது மாசமா உக்காந்திருக்கான். நீரு எதை முடிஞ்சுதுன்னு சொல்லுதீரு?"

முன்னால் இருந்த தாளை அதிகாரி எடுத்தார். தள்ளினார். வேண்டுகோள் குனிந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முற்றுப்புள்ளியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கொஞ்சம் நகர்ந்து குடும் சாமி. நான் முடிக்கல."

முற்றுப்புள்ளிக்கே அது புதுசு. தனியாள் ஒருவர் வந்து தான் முடியவில்லை என்று சொல்லி அது கேட்டதில்லை. உருண்டு நகர்ந்தது. காரணம் வந்து வேண்டுகோளின் தோளைப் பிடித்துக்கொண்டார். முற்றுப்புள்ளி அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அதிகாரியின் கை அந்தத் தாளை எடுத்தது.

கண் பழக்க தோஷத்தில் வேகமாக ஓடியது. கீழ்த்தளத்தில் காலியாக உள்ள வீட்டை எங்களுக்கு ஒதுக்கும்படி வேண்டுகிறேன். கை தாளைத் தள்ளப் போனது. ஆனால் வரி முடியவில்லை. பிகாஸ் என்று ஒன்று நின்றது. கண் அங்கே தட்டி நின்று, மெதுவாகப் போய், முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்தது.

அதிகாரி கைலாசத்திடம் ஏதோ கேட்டார். கைலாசம் கதவைத் திறந்து, "ஜெசிந்தா யாரும்மா?" என்றார்.

"நான்தான் சார்."

"எத்தனையாவது மாடியில இருக்கீங்க? ஐயா கேக்காரு."

"மூணாவது மாடி சார்."

"வீட்டுக்காரரு கடைசியா எப்பம் எறங்குனாரு?"

ஜெசிந்தா எழுந்து நின்றாள். இருபது மாதமாக எத்தனையோ பேர் அவளிடம் பாவம் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்போது இறங்கினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. "எறங்கவே இல்ல சார். தூக்கிட்டுப் போயி விட்டதோட சரி" என்றாள்.

அதிகாரி எடுத்து வைத்திருந்த நாலைந்து தாள்களையும் மறுபடி வாசித்தார். கடைசியில் ஜெசிந்தாவின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவைக் கைலாசம் எழுதினார். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கோடு போட்ட பகுதியை மட்டும் பார்த்து எழுதினார். 'கீழ்த்தளத்தில் காலியாக உள்ள வீடு ஜெசிந்தாவுக்கு ஒதுக்கப்படுகிறது.' காரணத்தைப் பற்றி உத்தரவில் ஓர் எழுத்துகூட இல்லை. காரணம் அதைப் பார்த்தார். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் வலித்தது.

சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து சூசையின் கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். அவனை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து, படியில் இறக்கினார்கள். சுமை இறக்கியே பழகிய கைகள். விறுவிறுவென்று இறங்கின.

"மெதுவாப் போங்கடே" என்றான் சூசை. "இத்தனை நாள் காத்திருந்து எறங்குதேன். ஒரு நிமிசத்துல முடிச்சிராதீங்க."

நாலு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிஷம் நின்று நின்றுதான் இறக்கினார்கள். ஜெசிந்தா தலையணையையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். முகத்தைத் துடைக்கக் கை ஒழியவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

புது வீட்டில் அவள் முதலில் மாட்டியது தினசரிக் காலண்டர். அதே ஆணியில் உத்தரவையும், அதோடு கைலாசம் சேர்த்துக் கொடுத்திருந்த இரண்டாம் தாளையும் குத்தி வைத்தாள். காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரு பொன்மொழி இருந்தது. 'உழைப்பே உயர்வு தரும்' என்று. அதுவும் ஒரு தனியாள்தான். ஒரு நாள் வாழ்வு என்றாலும் மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை.

"நீருதான் தனியா நின்னு இந்த வீட்டை வாங்கிக் குடுத்தவராமே" என்று அது வேண்டுகோளிடம் பேச்சுக் கொடுத்தது. "உத்தரவு பூரா உம்ம பேச்சாத்தான் இருக்கு. பின்னால தொப்பி போட்டுக்கிட்டு உம்ம தோளைப் பிடிச்சிட்டு நிக்காரே, அவரு யாரு?"

காரணம் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே சூசை நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டு எதையோ விசாரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

"தனியா நின்னது வாஸ்தவம்தான்வே" என்றார் வேண்டுகோள். "எதுக்கு நிக்கேன்னு இவரு வந்த பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது."